ஏதேனில் யாருக்கு எத்தனை சதவீதம்

மோதிக்கொண்ட வண்டிகளைப் பார்வையிட்டு, தப்பு யார்மேல் எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரித்துச் சொல்வது அவர் வேலை. நசுங்கிய கதவை ஒருமுறை தடவிப் பார்த்தாலே போதும், "இவன் முப்பது, அவன் எழுபது" என்பார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘சதவீதம்’. வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டால்கூட, போட்டவருக்கு அறுபது, ருசி பார்க்காமல் விட்டவருக்கு நாற்பது என்று தீர்ப்பு வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் அவர் வீட்டில். யார் வீட்டில் கூடுகிறார்களோ அந்த வீட்டுக்காரரே வேதத்திலிருந்து ஒரு செய்தி கொடுக்க வேண்டும் என்பது சபையின் வழக்கம். அவர் எடுத்துக்கொண்டது ஏதேன் தோட்டம். ஒரு வாரமாகக் குடைந்து பார்த்தார். பழத்தை நீட்டிய ஏவாளுக்கு எவ்வளவு, வாங்கித் தின்ற ஆதாமுக்கு எவ்வளவு? பாம்புக்குக் கை கிடையாது. ஆகவே பறித்த குற்றம் நிற்காது, தூண்டிய குற்றம் மட்டும்தான். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றுதான் நெருடியது: பங்கே பிரிக்காமல் கடவுள் எப்படித் தீர்ப்புச் சொன்னார்? விசாரணை முறைப்படி நடந்ததாகவே தெரியவில்லையே!

அவர் மனைவிக்கு இருந்தது வேறு கவலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் தம்பி வருகிறான். அவன் கூட்டிவந்த கொத்தனார் போட்ட மாடி முதல் மழைக்கே ஒழுகியபோது, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் வைத்து, "கொத்தனாருக்கு முப்பது, கூட்டிட்டு வந்த உனக்கு எழுபது" என்று இவர் சொல்ல, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவன் அவன்.

"இன்னிக்கு ஒரு நாள் கணக்குப் பார்க்காதீங்க. இந்தத் தடவை எழுந்து போனான்னா அவ்வளவுதான், திரும்ப வரமாட்டான்."

"நான் எப்போடி கணக்குப் பார்த்தேன்?" என்றார் அவர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

நாற்காலி போதாதென்று காரை எடுத்துக்கொண்டு போய், சபையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். பின்கண்ணாடி முழுக்க நாற்காலிக் கால்கள். வாசலுக்குள் காரைப் பின்னால் எடுக்க, மனைவி நின்று கையசைத்தாள். "வாங்க... வாங்க... இன்னும் வாங்க... நில்லுங்க! நில்லுங்க!"

டமார்.

அவர் போயிருந்த நேரத்தில் வந்துவிட்ட மச்சானின் ஸ்கூட்டர் மதிலோரம் மல்லாந்து கிடந்தது. கண்ணாடி சிதறி, விளக்கு ஒற்றை வயரில் தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சபை மூப்பர் எதற்கும் முதலில் கண்ணை மூடுகிறவர். "ஒரு நிமிஷம் ஜெபிப்போம்" என்று தொண்டையைச் செருமினார்.

"முதல்ல வண்டியத் தூக்குவோம் ஐயா" என்றது ஒரு குரல்.

சதவீதம் காரிலிருந்து இறங்கினார். "நீதானே வாங்க வாங்கன்னே?"

"நில்லுங்கன்னும் கத்தினேனே! நீங்கதான் காருக்குள்ள பிரசங்கம் பண்ணிப் பார்த்துட்டிருந்தீங்க."

"சரி, உனக்கு நாற்பது. வழியில வண்டிய நிறுத்தினவங்களுக்கு..."

அதற்குள் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசற்படியில் மச்சான் நின்றிருந்தான், கையில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். அதை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தான். அவள் கண் டம்ளரைவிட்டு நகரவில்லை.

"என் தப்புதான் மாமா" என்றான் அவன். "முழுசும் என் தப்பு. அக்காவ விடுங்க."

வழக்கு முடிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர்தான். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. குனிந்து பார்த்தார். சக்கரம் பதிந்த தடம் மதிலை ஒட்டியே இருந்தது. ஹேண்டில் பூட்டியிருந்தது. வழி தாராளமாகக் கிடந்தது.

"மச்சான், உன் வண்டி ஒழுங்காத்தான் நின்னிருக்கு. உன் பங்கு பூஜ்யம்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா ஏத்துக்கிறே?"

"யாராவது ஒருத்தர் ஏத்துக்கிட்டாத்தானே எல்லாரும் உள்ள போய் உட்கார முடியும்?"

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பத்தை ஐந்தாக்கச் சொல்லிக் காலைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறார். முழுத் தப்பையும் வைத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறார். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு நூறைக் கேட்டு வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். இப்படி ஓர் அறிக்கை கொடுத்தால் மேலதிகாரி முகத்தில் விட்டெறிவார்.

"அப்படிப் பொய்யா முடிக்க முடியாதுப்பா" என்று பதறினார். "பின்கண்ணாடிய மறைச்சு அடுக்கினது நான். திரும்பிப் பார்க்காம வந்தது நான். இவ நில்லுங்கன்னதும் காதுல விழுந்துச்சு. பேசிட்டிருந்த வரிய முடிச்சிட்டு நிறுத்தலாம்னு..."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது.

மனைவி கேட்டாள். "அப்படி என்ன வரி?"

அவர் காரைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், தப்பிக்க வழி இல்லை.

"ஆதாம் மாட்டிக்கிட்டதும் பழியப் பொண்டாட்டி மேல போட்டான்னு..."

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் தம்பி. மூப்பர் கொஞ்சநேரம் கண்ணை மூடிப் பார்த்தார், தோள் குலுங்கியதில் அதுவும் நிலைக்கவில்லை.

கூட்டத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். ஒரு வாரத்து ஆராய்ச்சி எங்கே போனதென்றே தெரியவில்லை. மூப்பர் விடாமல் கேட்டார். "ஐயா, ஏதேன் பங்கு விவரம் சொல்றதா இருந்தீங்களே?"

"ஆதாமுக்கு நூறு. ஏவாளுக்கும் நூறு."

"கூட்டினா இருநூறு வருதே?"

"வருது. எனக்கும் நூறு. உங்களுக்கும்..." மூப்பரின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, "நூறுதான் ஐயா. இதுல பங்கே இல்லாத ஒருத்தர் வந்து மொத்தத்தையும் என்னுதுன்னு சிலுவையில ஏத்துக்கிட்டார். ஏன்னுதான் இத்தனை வருஷமாப் புரியல. உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கத்தான் போல."

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தபடியே, "அந்த மாடி ஒழுகின விஷயத்துலயும் உன்மேல தப்பே..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல மாமா, அதுல எனக்கு ஒரு இருபது உண்டு" என்றான் அவன், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே. "அந்தக் கொத்தனாருக்கு வேலை தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."