காலடியில் ஊர்கள்

மாதபா நகரில் புதிதாகக் கட்டிய தேவாலயத்தின் தரையில் வண்ணக் கற்களைப் பதித்து, புனித தேசம் முழுவதையும் ஊர் ஊராக வரைபடமாக்கி முடித்திருந்தோம். முதல் ஞாயிறு பூசைக்குச் சனம் திரண்டு வந்தது. நான் தூணோரம் பெருமையாக நின்றேன். அந்தப் பெருமை கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

"அண்ணே, காலை எடுங்க! எங்கம்மா வீடு இருக்கிற ஊரு அது!" என்று கத்தினாள் மத்ரோனா. எரிகோவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

மிதித்தவர் எண்ணெய் வியாபாரி சலமான். "நாலு பேரீச்ச மரம் நின்னா அது ஊராம்மா?" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நகர்ந்து நின்ற இடம் காசா.

"மாமா, எங்க ஊரு மேலயே ஏறி நிக்கிறீங்களே!" என்று முறைத்தான் அவருடைய மருமகன்.

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் ஊரைக் காவல் காக்கத் தொடங்கி, அடுத்தவரை விரட்டினார்கள். எருசலேமை மிதிக்கவோ எவருக்கும் துணிவில்லை. பாதிரியார் தூபக் கலசத்தோடு வந்தபோது, அவ்வளவு பெரிய தேவாலயத்தில் மொத்தச் சனமும் யாருக்கும் சொந்த ஊராக இல்லாத சாக்கடலுக்குள் இடித்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தது.

நான் அவரிடம் ஓடினேன். "பாருங்க சாமி! அந்த உப்புக் கடலைக் கண்டு யோர்தான் ஆத்து மீனே திரும்பி ஓடுற மாதிரி பதிச்சு வெச்சிருக்கேன். இதுங்க எல்லாம் உள்ள இறங்கி நிக்குதுங்க!"

"நிக்கட்டும்ப்பா. அந்தக் கடல்ல எவன் முங்கியிருக்கான்?" என்றார் அவர். "கொஞ்சம் தள்ளு, நானும் இறங்குறேன்."