மேட்டிலிருந்து இறங்கி வந்தவள்

பிணவறை வராந்தாவில் காலை எட்டு மணியிலிருந்து தங்கபாயும் சொரிமுத்துவும் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்த ஒரே பெஞ்சில் வேறு மூன்று வீட்டுக்காரர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டு நான்கு நாளாகியும் எல்லோர் காலிலும் ஆற்றுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தங்கபாய் சபையின் பைபிள் உமன். ஆற்றங்கரைக் குடிசைகளில் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி, ஞானஸ்நானத்துக்கு ஆள் தயார் செய்வது அவள் வேலை. அதற்கென்று உடுத்தும் வெள்ளைச் சேலை முழங்கால் வரைக்கும் செம்மண் நிறமாகியிருந்தது.

உள்ளே கிடந்தது சொரிமுத்துவின் பெண்சாதி பூமாரி. அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவர்கள். அவன் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குக் கல் இறக்கப் போயிருந்த அன்றைக்குத்தான் கரமனை ஆறு கரையை உடைத்தது. ஆற்றங்கரையில் சபை கூடும் ஜெபவீட்டுச் சுவர் பூமாரியின் மேல் விழுந்தது; தண்ணீர் அவளை இழுத்துப் போய் இரண்டு நாள் கழித்து ஒரு தென்னந்தோப்பில் போட்டது.

"எரிக்க மட்டும் வேண்டாங்கா" என்றான் சொரிமுத்து. காலையிலிருந்து இதை நாலாம் தடவையாகச் சொல்கிறான். "செங்கச் சூளையில கை வெந்தவ. அடுப்புல தீ கொஞ்சம் தூக்கி எரிஞ்சாலே நடுங்குவா. நான் செத்தா உங்க கோயில் கல்லறத் தோட்டத்துல மண்ணுக்குள்ள வச்சிருங்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

"வைப்போம். நான் இருக்கேம்லா" என்றாள் தங்கபாய்.

பதினோரு மணிக்குப் பிணவறையின் மலையாளக் குமாஸ்தா சன்னலைத் திறந்தார். "சர்ச் சிமித்தேரியிலா அடக்கம்? அப்போ பாதிரியோட லெட்டர் வேணும் கேட்டோ. எங்கே கொண்டுபோறதுன்னு எழுதாம பாடி விட்டுத்தர முடியாது. ஒரு மணிக்குள்ள கொண்டு வாங்க" என்றார். அவர் முகத்திலும் நான்கு நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. தங்கபாய் நடந்தே சபைக் கோயிலுக்குப் போனாள். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பளி மூட்டைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்து நிவாரணக் கமிட்டி வருகிறது. நாலு மணிக்கு ஸ்தோத்திரக் கூட்டம். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளத்தன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தவர்தான்; அன்று பிடித்த சளி இன்னும் விடவில்லை.

"பூமாரிக்கு ஒரு சீட்டு வேணும் ஐயா. கல்லறத் தோட்டத்துல வைக்க."

"ஞானஸ்நானம் எடுக்கலியே தங்கபாய். ரெஜிஸ்டர்ல பேரு இல்லியே. சபை செக்ரட்டரிகிட்டயும் நேத்தே கேட்டுட்டேன். இப்படி ஒண்ண அனுமதிச்சா நாளைக்கு ஆளுக்கு ஆள் வந்து நிப்பாங்கன்னு சொல்லுதாரு."

"அவ கேட்டா ஐயா. நாந்தான் தள்ளி வச்சேன்."

அது உண்மை. ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் போதகர் முன்னால் வேதத்தின் பத்துக் கட்டளைகளான கற்பனைகளையும் தட்டாமல் சொல்ல வேண்டும். பூமாரிக்கு எழுத்து தெரியாது; காதால் கேட்டுத்தான் படித்தாள். ஏழுவரைக்கும் ஓட்டமாகச் சொல்வாள். எட்டாவதில் முட்டிக்கொண்டு ஒன்பதை விட்டுப் பத்துக்குத் தாவிவிடுவாள். தன் ஆள் ஒருவர்கூடப் போதகர் முன்னால் திணறியதில்லை என்று தங்கபாய்க்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காக, பெந்தெகொஸ்தே பண்டிகை ஞானஸ்நானத்துக்குக் கொடுக்க வேண்டிய பெயரைக் கிறிஸ்மஸுக்கு என்று நிறுத்திவைத்தாள். இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் வாயில் கசந்தது.

"உங்க மேல குத்தமில்ல" என்றார் போதகர். "சாயங்காலம் சாட்சி நீங்கதான் சொல்லணும். நீங்க மணி அடிச்சதால நாப்பது பேரு பிழைச்சிருக்காங்க. அத கமிட்டிக்காரங்க கேக்கணும்."

"பூமாரி அந்த மணியாலதான் ஐயா செத்தா."

அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஜெபவீட்டு மணியை அடித்தவள் தங்கபாய். ரோட்டுக்கு ஓடுங்கள் என்று சொல்லத்தான் அடித்தாள். ஆனால் அந்தக் குடிசைகளில் தீப்பிடித்தாலும், சண்டை வந்தாலும், போலீஸ் வந்தாலும் மணி அடித்தால் ஜெபவீட்டில் கூட வேண்டும் என்பது பழக்கம். பழக்கியதும் அவளே. கீழே இருந்தவர்கள் அவள் கத்துவதைக் கேட்டு மேலே ஏறிவிட்டார்கள். பூமாரியின் குடிசை மேட்டில் இருந்தது. வெள்ளம் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மணிச் சத்தம் மட்டும் எட்டியது. ஜெபத்துக்கு வராதவர்களைத் தங்கபாய் அடுத்த ஞானஸ்நான வகுப்புக்குத் தள்ளிவிடுவாள் என்று தெரிந்தவள், முக்காட்டைப் போட்டுக்கொண்டு மழையில், கீழே கத்தியது கேட்காத பின்பக்கச் சரிவு வழியாக ஆளில்லாத ஜெபவீட்டுக்கு இறங்கி ஓடி வந்தாள்.

போதகர் இருமினார். "அத இன்னைக்குப் பேச வேண்டாம். வீடு கட்ட இவங்ககிட்டதான் கேக்கணும். நாலு மணிக்கு வந்துருங்க."

தங்கபாய் வெறுங்கையோடு திரும்பி வந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான் சொரிமுத்து. அவன் சன்னல் பக்கம் நகர்ந்தான். குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மதம் எந்தா எழுதணும்?" என்றார்.

தங்கபாய் வாயைத் திறப்பதற்குள் சொரிமுத்து சொன்னான். "இந்துன்னு எழுதுங்க சார். அப்படித்தான பொறந்தா."

முனிசிபல் வண்டியில் மூன்று உடல்களோடு பூமாரியும் போனாள். மயானத்தில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. வெட்டியான் மூன்று தடவை மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைதான் வந்தது. சொரிமுத்து சிதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒங்க ஜெபம் ஏதாவது சொல்லுங்க. அவளுக்குக் கேக்கட்டும்."

இங்கே நின்று சொல்லலாமா கூடாதா என்று தங்கபாய்க்குத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? பரமண்டல ஜெபத்தை முழுக்கச் சொன்னாள். ஆமென் சொல்லி முடிக்கும்போது தீ பிடித்துக்கொண்டது. சொரிமுத்துவின் தோள் குலுங்கியது. அவனை அங்கேயே விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை, ஆனாலும் வந்தாள். மணி மூன்றே முக்கால்.

பந்தலில் இடமில்லை. முன்வரிசையில் இரண்டு வெள்ளைக்காரத் துரைகளும் ஓர் அம்மையாரும் இருந்தார்கள். ஆற்றங்கரைப் பெண்கள் பின்னால் நின்றார்கள். போதகர் அறிக்கை வாசித்தார். "எண்பது குடிசைகள் போய்விட்டன. ஆனாலும் நமது சபையில் ஒரு ஆத்துமாவும் சேதமில்லாமல் கர்த்தர் காத்தார்." ஸ்தோத்திரம் என்றது கூட்டம். பிறகு தங்கபாயை மேலே கூப்பிட்டார்.

மைக் அவள் வாய்க்கு எட்டவில்லை. யாரோ வந்து தாழ்த்தி வைத்தார்கள்.

"நாந்தான் மணி அடிச்சேன்" என்றாள் தங்கபாய். "ஓடுங்கன்னு அடிச்சேன். பூமாரி, ஜெபத்துக்குக் கூப்பிடுதேன்னு நெனச்சு மேட்டுலேருந்து எறங்கி வந்துட்டா. செவரு விழுந்து செத்துட்டா. தீயக் கண்டா அவளுக்குப் பயம். இப்ப அவள எரிச்சுட்டுத்தான் வாறேன். கல்லறத் தோட்டத்துல அவளுக்கு எடமில்லன்னுட்டாவ. கற்பனை தெரியலன்னு அவள நிறுத்தினது நாந்தான்."

பின்னால் ஒரு பெண் விம்மினாள். முன்வரிசை போதகரின் முகத்தைப் பார்த்தது. அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதைத் துரைமாருக்கு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். எட்டாவது வரை மிஷன் பள்ளியில் படித்தவள் தங்கபாய். மணி என்றது புரிந்தது. நாற்பது என்றது புரிந்தது. காப்பாற்றினார் என்றதும் புரிந்தது. பூமாரி என்ற பெயருக்கு இங்கிலீஷ் தேவையில்லை. வரும் வரும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். போதகர் பேசி முடித்துவிட்டார்.

துரைமார் கைதட்டினார்கள். தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற ஆற்றங்கரைப் பெண்களும், பெரியவர்களைப் பார்த்து ஒவ்வொருவராகத் தட்டினார்கள். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, மூட்டையில் முதல் கம்பளியை எடுத்து விரித்து, புகை நாறும் சேலையை மூடித் தங்கபாயைப் போர்த்தினாள். கம்பளி நல்ல கனம். போட்டோக்காரன் முன்னால் வந்து முட்டி போட்டான்.

"இங்கோட்டு நோக்கி ஒண்ணு சிரிக்கணும், அம்மா" என்றான்.