மலை மேல ஏறிக்கிறேன்

சாவு வீட்டுக்கு இப்போதெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பக்ருதீன் முணுமுணுத்தார். மய்யித்தைக் குளிப்பாட்ட நாலு பேர் போதும். மறைப்புக்குக் கட்டிய துணிக்கு மேலே பத்துத் தலை தெரிந்தது.

"ஏரி ஒடைஞ்சப்ப ஒருத்தன் தல தெரியல. போங்கடா அந்தாண்ட."

மகன் அமீர் ஜானின் காதிலிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். நாற்பது வயசு உடம்பு, பலகையின் மேல் சின்னதாய்த் தெரிந்தது. முந்தாநாள் ஒரு தெருவையே வாரிக்கொண்டு போன தண்ணீர், செம்பில் மொண்டு ஊற்ற ஊற்ற, ஒன்றும் அறியாததுபோல அவன் நெற்றியிலிருந்து வழிந்தது.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஸ்ரத் பக்கத்தில் குனிந்தார். "மனச விட்டுடாதீங்க பாய். தண்ணியில மூழ்கி மவுத்தானவங்க ஷஹீதுங்க, அல்லா பாதையில உசுரக் குடுத்தவங்க மாரி. அல்லா அவங்களுக்குப் பெரிய எடம் வெச்சிருக்கான்."

"நூஹு நபியோட மவனும் அந்தப் பிரளயத் தண்ணியிலதான போனான், அஸ்ரத்து. கப்பல்ல ஏற மாட்டேன்னான். அவனுக்கு எந்த எடம்?"

"அது தண்டனையா வந்த தண்ணி."

"இது?"

"இது சோதன."

"ரெண்டும் மானத்துலருந்து வந்ததுதான. எதுல இன்னா எழுதியிருந்துச்சின்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அஸ்ரத் மய்யித்தைச் சுற்ற வெள்ளைக் கபன் துணியைப் பிரித்தார்.

யாரிடமும் சொல்லாத ஒன்று பக்ருதீனுக்குள் கிடந்தது. முந்தாநாள் முழங்கால் தண்ணீரில் மகன் வீட்டு வாசலில் நின்று, பள்ளிவாசல் மேட்டுக்கு வரச்சொல்லிக் கத்தினார். அவன் சிரித்தான். "தண்ணி ஏறினா மலை மேல ஏறிக்கிறேன் அத்தா. கோட்ட எங்க ஓடிடப் போவுது?" செஞ்சியில் பிறந்த எவனும் சொல்லக்கூடிய பேச்சுதான். நூஹு நபியின் மகனும் அதையேதான் சொன்னான் என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. "நீ எம்புள்ளையே இல்ல, போ" என்று திரும்பிவிட்டார். மகனுக்காக நபி கெஞ்சியபோது, அவன் உன் குடும்பத்தான் இல்லை என்றான் ஆண்டவன். ஆண்டவன் சொல்லவேண்டியதை இந்த வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. சாயங்காலம் ஏரி உடைந்தது.

பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகைக்கு முன்னால், இறந்தவனுக்காக அவன் வீட்டு ஆள் எழுந்து ஜமாத்திடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். பக்ருதீன் எழுந்தார். வாய் திறக்கவில்லை. முள்வேலியில் சிக்கிய உடலை இழுத்துக் கரைசேர்த்த வீராசாமி, சுவரோரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"சொல்லு பாய். ஒம் புள்ளைக்கு நீதான சொல்லணும்."

"இவன் எம்புள்ள" என்றார். நின்றார். பிறகு இன்னும் உரக்க, "எம்புள்ள. யாருக்குனா மனவருத்தம் குடுத்திருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்" என்றன வரிசைகள்.

அவர் நிமிர்ந்தார். கோட்டை மலை ராஜகிரி முழுக்க நனைந்து கறுத்திருந்தது. பாறைக்குப் பாறை வெள்ளையாய்த் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, யாரையும் கேட்காமல், யாருக்கும் நிற்காமல். கொன்ற தண்ணீர் இத்தனை அழகாய் இருக்கிறதே என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கிருந்து மன்னித்தோம் என்று எந்தச் சத்தமும் வரவில்லை.

கபர்க்குழியில் மூன்று பிடி மண் போட்டு எல்லாரும் கலைந்தார்கள். பக்ருதீன் மட்டும் நின்றார்.

"வாங்க பாய்" என்றார் அஸ்ரத். "கடைசி ஆளு காலடிச் சத்தம் ஓஞ்சாதான் மலக்குங்க, அந்த வானவருங்க, கபருக்குள்ள வந்து கேள்வி கேப்பாங்க. நாம நிக்கக் கூடாது."

"ஷஹீதுன்னீங்களே. ஷஹீதுக்கு இன்னா கேள்வி?"

அஸ்ரத் தாடியைத் தடவினார். "அல்லாதான் அறிவான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அஸ்ரத் முன்னால் போய்விட்டார். பக்ருதீன் நடந்தார். ஒற்றையடிப் பாதை சேறாகிக் கிடந்தது. வைத்த கால் சத்தமே இல்லாமல் புதைந்தது. பத்தடி போனவர் பாதையை விட்டு இறங்கி, பக்கத்தில் ரோடு வரைக்கும் படுத்துக்கிடந்த பாறையின் மேல் ஏறினார். ரப்பர் செருப்பை ஓங்கி ஓங்கி அதில் வைத்து, ஒவ்வோர் அடியாக, மெதுவாக நடந்தார்.