ஊட்டிக்குப் பின்னால் நின்ற யானை

முஜீப் கடையில் அந்தக் காதுக்கருவியை வாங்கியது கைக்காகத்தான், காதுக்காக அல்ல. ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்தால் இரண்டு கையும் மேலே போய்விடும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குத் தேயிலைக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. அந்த நேரம் பார்த்துத்தான் போன் ஓயாமல் கத்தும்.

"இதைக் காதுல மாட்டிக்குங்கண்ணே. மெசேஜ் வந்தா அதுவே படிச்சுச் சொல்லும். நீங்க வாயால பதில் சொன்னா அதுவே எழுதி அனுப்பிரும்" என்றார் முஜீப்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"தெரியும்ங்கண்ணே. நீங்க ஒரு மெசேஜைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த பஸ் வந்துருதே, அதுக்குத்தான் சொன்னேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. யூனியன் ஆபீஸில் நடந்த மாலை வகுப்பில், நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றவன் நான். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த விரலுக்குப் பேனா வழுக்கியது. முதன்முதலில் முழுசாக எழுதிய வார்த்தை 'வீடு'. அந்தத் தாளைக் கொண்டுபோய் என் மனைவி பழனியாத்தாளிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"என்னங்க இது?"

"வீடு."

"ஊடுன்னு சொல்லுங்க, புரியும்." அவள் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரி.

"உன் வாயில 'வ' வராதா அம்மணி?"

"வராட்டி என்னங்க? ஊடு ஒழுகாம இருந்தாச் சரி."

'வராட்டி'யில் மட்டும் 'வ' சுத்தமாக வந்தது.

அவளும் போனில் வாயால் சொல்லித்தான் செய்தி அனுப்புவாள். அவள் சொல்வதைப் போன் எழுதும். என் காதில் பட்டணத்துப் பெண்குரல் ஒன்று அதைப் படிக்கும்.

அன்றைக்கு மாலை ஐந்தரை இருக்கும். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. தலையில் இருபது கிலோ அரிசி. பாதி வழியில் காதுக்குள் அந்தக் குரல் பேசியது. "பழனியாத்தாள் அனுப்பிய செய்தி. ஆனை ஊட்டிக்குப் பின்னாடி நிக்குதுங்க. வராதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊட்டி எங்கே, நாங்கள் இருக்கும் வால்பாறை எங்கே? அங்கே யானை நின்றால் இவளுக்கு என்ன வந்தது? பத்தடி நடந்திருப்பேன். அந்த 'வராதீங்க' மட்டும் காதை விட்டுப் போகவில்லை. ஊட்டிக்கு நான் எதற்குப் போகப் போகிறேன்?

கால் நின்றுவிட்டது.

ஊட்டுக்கு. ஊட்டுக்குப் பின்னாடி.

பத்து வீட்டு லைனில் இப்போது ஆள் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் பெருந்துறைக் கம்பெனிகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். போன வருஷம் அரிசி வாசத்துக்கு யானை இடித்த அடுப்படிச் சுவரைத் தகரம் வைத்துத்தான் அடைத்திருக்கிறோம். அவள் முட்டி வலிக்காரி, ஓடவும் முடியாது.

மூட்டையை இறக்கி வைத்தேன். "சத்தம் காட்டாத அம்மணி, முன்னறையிலயே இரு" என்று சொல்ல வாயெடுத்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளிடம் காதுக்கருவி இல்லை. நான் எதை அனுப்பினாலும் அவள் போன் அதை வீடு முழுக்கக் கேட்க உரக்கப் படிக்கும். யானை தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ரிங் அடித்தாலும் அதே கதிதான்.

சும்மா நின்றேன். தேயிலை இலையில் தண்ணீர் சொட்டுவதுகூட தகரம் கிழிகிற மாதிரி கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி குரல் வந்தது.

"பழனியாத்தாள் அனுப்பிய செய்தி. ஆனை ஊட்டியை விட்டுப் போயிருச்சுங்க. எங்க இருக்கறீங்க? டார்ச் எடுத்துக்கிட்டு எதுக்க வாரேன்."

மூச்சு வந்தது. பாதி மூச்சுதான். கீழே பாதையில் கிளை முறிந்தது. ஈரச் சாணி நாற்றம் பனியோடு ஏறி வந்தது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு இருப்பது ஒரே பாதை. யானை அதில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் அவள் புறப்பட்டு வருவாள்.

மூட்டையை விட்டுவிட்டு மேட்டில் ஏறி ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பனி ஓரிடத்தில் கெட்டியாகிக் கறுத்தது. பிறகு அதற்குக் காது முளைத்து அசைந்தது. தும்பிக்கை மூட்டையைத் தடவியது. இடையில் பதினைந்தடி இருந்தால் அதிகம்.

வாய் திறக்க முடியாது. விரல்தான். சட்டைக்குள் போனை மறைத்து வெளிச்சத்தைக் குறைத்தேன். 'வராதே' என்று எழுத வேண்டும். 'வ' போட்டேன். அடியில் போன் தானாகவே சொற்களை நீட்டியது: வா, வாங்க, வந்தேன். விரல் ஈரத்தில் வழுக்கி 'வா' ஏறிவிட்டது. பக்கத்திலேயே அனுப்பும் பொத்தான். இன்னொரு வழுக்கலில் அவளை நானே கூப்பிட்டிருப்பேன்.

அழித்தேன். வ. ர. கால். த. கொம்பு எங்கே இருக்கிறது என்று மறந்துபோனது. தேடினேன். கீழே சாக்கு கிழிந்தது.

எழுதி முடித்த பிறகும் அனுப்பப் பயமாக இருந்தது. அவள் ஏற்கெனவே பாதையில் இறங்கியிருந்தால்? கையிலிருக்கும் போன் 'வராதே' என்று யானையின் முதுகுக்குப் பின்னால் கத்துமே. அனுப்பாவிட்டால் அவள் நேராக வந்து மோதுவாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

பாதைப் பக்கமிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. யானையின் காது ஒரு தரம் நின்று மறுபடி அசைந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். இருபதுக்கு மேல் எண் நினைவுக்கு வராமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

"பழனியாத்தாள் அனுப்பிய செய்தி. வாசப்படியில கால் வெச்சேன், போன் கத்துச்சுங்க. திரும்பி ஊட்டிக்குள்ளயே உக்காந்துட்டேன்."

நெற்றியை மரத்தில் சாய்த்தேன். கீழே எங்கள் அரிசியை யானை நிதானமாக வாரி வாரித் தின்றது.

குரல் மறுபடி வந்தது. "பழனியாத்தாள் அனுப்பிய செய்தி. மெதுவா வாங்க. அரிசி நனையாமப் பாத்துக்குங்க."