மீன் சந்தைக்கு வந்த வக்குனாக்காரர்கள்

குவாயாகில் நகரத்து மீன் சந்தையில் காலை நேரத்தில் யாரும் பேசுவதில்லை, கத்துவதுதான். நண்டுக் கட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒரு பக்கம், சூரை மீன் சாற்றில் வெங்காயத்தை அள்ளிப் போட்டு விற்கிறவள் இன்னொரு பக்கம். அந்த இரைச்சலுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக வெலிங்டனும் யாதிராவும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. யாதிராவின் தோளில் தடுப்பூசிக் குளிர்பெட்டி தொங்கியது. வெலிங்டன் கையில் ஒலிபெருக்கி இருந்தது.

வெலிங்டனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொள்ளைநோய்க் கிருமியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து, பாகம் குறித்துக் காட்டுவான். ஆனால் மாணவர்களுக்கு ஊசி போட்ட அன்று அவன் மட்டும் கல்லூரிப் பக்கமே தலைகாட்டவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதுதான். வருகிற வழியில் பேருந்தில்கூட யாதிரா அவனைக் குடைந்துகொண்டே வந்தாள்.

"உனக்கு எதுடா பயம்? ஊசியா, மருந்தா?"

"பயமெல்லாம் இல்ல யாதி. இது கணக்கு. பத்துப் பேர்ல எட்டுப் பேர் போட்டுக்கிட்டா, கிருமி என்கிட்ட வர வழியே இல்ல. அப்புறம் நான் எதுக்குக் கை வீங்கிக் கெடக்கணும்? மத்தவங்க மொதல்ல போட்டுக்கட்டும்."

"எல்லாரும் உன்ன மாதிரியே கணக்குப் போட்டா?"

"போடமாட்டாங்க. அதுதான் கணக்கே!" என்று அவன் சிரித்தான். யாதிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்கு முன்னால் வந்த குழுவை இந்தச் சந்தைக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் சுகாதார நிலையத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் பெட்டி நெறஞ்சே திரும்பி வந்துச்சுன்னா, மருந்து வேற பேட்டைக்குப் போயிடும். அப்புறம் இவங்களுக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியாது." போன வருடம் சாவு விழாத கடைவரிசை அந்தச் சந்தையில் இல்லை. சவப்பெட்டி கிடைக்காமல் அட்டைப்பெட்டியில் வைத்துப் புதைத்த ஊர் இது.

வெலிங்டன் ஒரு மீன்பெட்டியின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியை வாயருகே வைத்தான்.

"சந்தை மக்களே! வக்குனாக்காரங்க வந்திருக்கோம்! எல்லாரும் ஒழுங்கா வரிசையில வந்துடுங்க! ஒருத்தரையும் விடமாட்டோம்! எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்!"

அவ்வளவுதான். சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரும்புக் கதவுகள் படபடவென்று இறங்கின.

எங்கள் ஊரில் வக்குனா என்றால் தடுப்பூசி. ஆனால் கடைத்தெருவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 'உன் கடைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று கும்பல்காரர்கள் மிரட்டிப் பறிக்கும் மாமூலுக்கும் வக்குனா என்றுதான் பெயர். வாங்க வருகிறவனும் வக்குனாக்காரனே. மலையூரிலிருந்து படிக்க வந்து, விடுதி உண்டு கல்லூரி உண்டு என்று கிடந்த வெலிங்டனுக்கு இது தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த யாதிராவுக்குத் தெரியும். அவள் தலையில் கை வைப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

மீன் வெட்டும் கத்தியோடு பெல்ஹிகா வந்து நின்றாள். அந்தச் சந்தையில் அவள் சொன்னால் ஐஸ்கூட உருக யோசிக்கும்.

"எந்தக் கும்பல்டா நீங்க?"

"மருத்துவக் கல்லூரி, அக்கா" என்றான் வெலிங்டன் பணிவாக.

"அது புதுக் கும்பலா? பழைய கும்பலுக்கே எங்களால குடுத்து மாளல!"

"வெள்ளக் கோட்டு வேற! இப்பல்லாம் சீருடை போட்டுக்கிட்டா வர்றானுங்க?" என்றான் பின்னால் நின்ற நண்டுக்காரன் ரோமுலோ.

யாதிரா பாய்ந்து வந்து பெட்டியைத் திறந்தாள். "அக்கா, இது ஊசி! நெசமான ஊசி! மருந்தப் பாருங்க!"

பெல்ஹிகா எட்டிப் பார்த்தாள். கத்தியைப் பலகைமேல் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவிடுக்குகளில் எட்டிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். பாதிக் கதவுகள் பாதி ஏறின.

"சரிதான். ஆனா பெட்டியும் கோட்டும் யார் வேணா வாங்கலாமே? 'உங்க பாதுகாப்புக்குத்தான்'னு அவனுங்களும் இதே பாட்டுத்தான் பாடுறானுங்க. நெசமான வக்குனாக்காரன நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சுளுவான வழி இருக்குக்கா" என்றான் ரோமுலோ. "அவனுங்க அடுத்தவங்களுக்குத்தான் வக்குனா போடுவானுங்க. தங்களுக்குப் போட்டுக்கவே மாட்டானுங்க. இவங்க போட்டுக்கிட்டாங்களான்னு கேளுங்க!"

யாதிரா தன் ஊசி அட்டையை எடுத்துக் காட்டினாள். பெல்ஹிகா தலையசைத்துவிட்டு வெலிங்டன் பக்கம் திரும்பினாள். அதற்குள் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள்.

"உன்னோடதையும் காட்டு தம்பி. நான்தான் மொதல்ல போட்டுக்கப் போறேன். எம் புருசன அள்ளிட்டுப் போன நோவு. ஊசின்னா எனக்கும் பயந்தான். நீங்க படிச்ச புள்ளைங்க, போட்டுக்கிட்டுத் தெம்பா நிக்கறீங்கன்னா எனக்கும் தைரியம் வரும்."

'அட்டையை விடுதியில் வைத்துவிட்டேன்' என்ற பொய் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் காரியமும் முடிந்திருக்கும். யாதிராவும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் சுருட்டி நீட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை. பெல்ஹிகாவுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னான்.

"நான் போட்டுக்கலக்கா."

பாவம், ஒலிபெருக்கியை அவன் அணைக்கவே இல்லை. "நான் போட்டுக்கலக்கா" என்று சந்தைக் கூரை முழுக்க எதிரொலித்தது. ஏறிக்கொண்டிருந்த கதவுகள் அப்படியே நின்றன. யாதிரா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெலிங்டனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. மானம் கப்பலேறியாகிவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒலிபெருக்கியை வாயருகே தூக்கினான்.

"மருந்துமேல எனக்குச் சந்தேகம் இல்ல. சுத்தி எட்டுப் பேர் போட்டுக்கிட்டா நான் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். அந்த எட்டுல நானும் ஒருத்தன்னு நெனைக்கல. உங்க கையில குத்தவிட்டு, என் பாதுகாப்ப அதுலேருந்து வாங்கிக்கப் பார்த்தேன். நீங்க சொல்ற அந்த இன்னொரு வக்குனாக்காரன் நான்தான்."

"யப்பா!" என்றான் ரோமுலோ. "எத்தன பேர் வந்துபோன சந்தை இது! தானா ஒத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்டா!"

சிரிப்பு வெடித்தது. வெலிங்டன் மீன்பெட்டியிலிருந்து இறங்கி, அதன்மேலேயே உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"யாதி, மொதல் ஊசி எனக்கு. இவங்க எல்லாரும் பார்க்கட்டும்."

யாதிரா குப்பியைத் திறந்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தான். "ம், சீக்கிரம் குத்து."

"குத்தி முடிச்சாச்சுடா."

"எப்போ?"

பெல்ஹிகா அவனை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியபோது ஊரே கேட்கக் கத்தினாள். பிறகு, கத்தியது வேறு யாரோ என்பது போல எழுந்து, அவன் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். தூரத்து வரிசைகளில் இன்னும் சிலர் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்கள்.

"ஏய், வெளிய வாங்கடா! இது நம்மகிட்ட புடுங்கற வக்குனா இல்ல, நாம ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கற வக்குனா! தப்பிச்சுக்கிட்டோம்னு ஒருத்தன் ஒளிஞ்சுக்கிட்டா, அவன் பங்கு வலி அடுத்த வீட்டுல சாவா போய் விழும்! டாக்டருக்குப் படிக்கறவனா இருந்தா என்ன, மீன் விக்கறவளா இருந்தா என்ன? ஊருக்குப் புத்தி சொல்றதுக்கு முன்னாடி, மொதல்ல நம்ம கைய நீட்டணும்!"