ஆறேகால் அடிக் கட்டில்

அம்மா மீஞ்சூருக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. முதுகில் வட்டு விலகிவிட்டது, இனிமேல் தரையில் படுக்கவே கூடாது என்றார் டாக்டர். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில் கட்டில் கிடையாது. மீஞ்சூரில் மங்கை சித்தி வீட்டில் இருந்தது. "ஒரு கட்டில் போடுங்க, மறுநாளே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு பையோடு ரயில் ஏறினாள்.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. கிடங்கில் இருக்க வேண்டிய சரக்குக்கும் உண்மையில் இருக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர். திருட்டு, சேதம், எலி என்று காரணங்களை எழுதினால் ஐந்து மதிப்பெண். எங்கள் வீட்டில் இருக்க வேண்டியது மூன்று பேர், இருப்பது இரண்டு. எலி காரணம் இல்லை.

அப்பா பெயர் ரகுபதி. எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன் செய்கிறார். இரும்பை உருக்கி ஊற்றி எதையாவது செய்ய வேண்டும் என்றால், அதை முதலில் மரத்தில் செய்து தருவது அவர் வேலை. அம்மா போன பிறகு அவர் பேச்சு மெல்ல மெல்ல வற்றியது. காலையில் "டீ." ராத்திரி "துன்னியா?" நடுவில் மின்விசிறி. நானும் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. காலேஜில் கேன்டீன் சாம்பாருக்கு நான் எழுதிய இரங்கல் செய்தி நோட்டீஸ் போர்டில் இரண்டு நாள் தொங்கியது. மூன்றாம் நாள் பிரின்சிபால் அதற்கு இரங்கல் தெரிவித்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வைத்துவிடுவேன். ஒரு நாள் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு பிஸ்கட் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் தின்றுவிட்டேன்.

கட்டில் வாங்கக்கூடாது என்றில்லை. இடம் இல்லை. பீரோ, அடுப்பு மேடை, தண்ணீர் டிரம் எல்லாம் போக, பின்சுவர் ஓரமாக ஒரு கட்டில் போடலாம். ஆனால் அங்கே சுவருக்குச் சுவர் ஆறேகால் அடியும் முக்கால் அங்குலமும்தான். அப்பாவே டேப் வைத்து அளந்து, சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கடையில் விற்கும் புதுக் கட்டில் எல்லாம் ஆறரை அடி. பதினோரு மாதமாக அந்த எண் சுவரில் இருந்தது.

போன சனிக்கிழமை ராயபுரத்தில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் ராசையா அண்ணாச்சி போன் செய்தார். அவரிடம் அளவைச் சொல்லி வைத்திருந்தேன். ஆறேகால் அடியில் ஒரு தேக்குக் கட்டில் வந்திருக்கிறதாம். அப்பா டேப்பையும் எடுத்துக்கொண்டு ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். நான் அவர் பரணில் வைத்திருந்த கருவிப் பெட்டியைத் திறந்து, இரண்டடி நீள ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட டேப் இல்லியா?"

"இருக்கு தம்பி. மொதல்ல ஒன்னரை அடி அந்து போச்சு. அளந்துட்டு ஒன்னரைய கழிச்சுக்கணும்."

"வேணாம், என்கிட்ட ஸ்கேல் கீது."

"நல்லா அளந்துக்கிடும். வித்த கட்டில நான் திருப்பி எடுக்க மாட்டேன். சண்டைக்கும் வரக்கூடாது."

மூன்று முறை ஸ்கேலை நகர்த்தி வைத்தேன். ஆறடி. அதற்கு மேல் மூன்று அங்குலம். கச்சிதமாக ஆறேகால். முக்கால் அங்குலம் மிச்சமே இருக்கிறது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கொண்டு ஊர்வலம் போகிற வேட்பாளர் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. அதுவும் வேட்பாளர் மாதிரியேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் கட்டிலைப் பின்சுவருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பக்கம் இறங்கியது. மறுபக்கம் சுவரில் முட்டி அந்தரத்தில் நின்றது. திருப்பிப் பார்த்தோம். அப்போதும் நின்றது.

"எத்த வெச்சி அளந்த?" என்றார் அப்பா.

ஸ்கேலைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மூலையில் பொடியாகச் செதுக்கியிருந்த எழுத்தை விரலால் தொட்டார்.

"இது சுருக்க ஸ்கேல்டா. ஸ்டீல் ஊத்துறதுக்கு."

பதினோரு மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. மிச்சத்தையும் அவரே சொன்னார். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் மர பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக ஸ்கேலையே பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு அடி என்றால், நிஜத்தில் ஒரு அடியும் கால் அங்குலமும். நான் ஆறேகால் என்று அளந்த கட்டில் ஆறேகாலுக்கு மேல் ஒன்றரை அங்குலம். மிச்சம் இருந்த முக்கால் போக, முக்கால் அங்குலம் இடித்தது.

"அறுத்துர்லாமா நைனா?"

"உங்கம்மா ஒசரம். கால் இடிக்கும்."

கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு உளியை எடுத்தார். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. கட்டிலின் தலைப்பலகை அளவுக்கு ஒரு பக்கச் சுவரில், கால்பலகை அளவுக்கு மறுபக்கச் சுவரில், பக்கத்துக்கு அரை அங்குலம் பூச்சைச் செதுக்கினார். மதியம் வரை ஆனது. நான் தூசியை அள்ளிக் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஃப்ரெடி எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, பொதையலா?" என்றான். கடைசியில் கட்டில் சுவருக்குள் இழுப்பறை மாதிரி போய் உட்கார்ந்தது.

"போன போடு" என்றார் அப்பா.

போட்டேன். அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். சித்தி நடத்தும் மாவுக்கடையில் அம்மாதான் கல்லாவில் உட்காருகிறாள்.

"எம்மா, கட்டில் போட்டாச்சி."

"எங்க?"

"நம்ம வூட்லதான். பின்செவுத்தாண்ட."

சிரித்த சத்தம் நின்றது. கிரைண்டர் மட்டும் ஓடியது.

"அங்க எப்டிடா நொழஞ்சிது?"

"நைனா செவுத்த செதுக்கிட்டாரு."

"நான் பொடவைய வெச்சி அளந்து பாத்துட்டுதான் வந்தேன் நிதிஷு. எந்தக் கட்டிலும் அங்க நொழையாதுன்னு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"அப்போ வரமாட்டியா?"

"வந்து யார்கிட்ட பேசறது சொல்லு? வட்டு வெலகறதுக்கு முன்னாடியே அந்த வூட்ல நான் பாத்திரங்கிட்டதான் பேசிகினு இருந்தேன். உங்கப்பன் மரத்தோட மரமா வருவாரு, படுப்பாரு. உனுக்கு போன். காலேஜில நீ பெரிய காமெடியாமே, உன் தோஸ்து அறிவு சொன்னான். எனுக்கு ஒரு ஜோக்கு சொல்லிக்கிறியாடா நீ? இங்க மாவு வாங்க வர்ற ஒவ்வொருத்தியும் நாலு வார்த்தை பேசிட்டுப் போறாளுங்க. முதுகு வலி கூடத் தெரில."

"எம்மா..."

"துன்னுட்டீங்களா ரெண்டு பேரும்?"

"உம்" என்றேன். அந்த 'உம்' என் காதிலேயே விழுந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்பா தரையில் குந்தி, மிச்சத் தூசியைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னா?"

வருவாங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது சுலபம். காலேஜில் நான் எழுதுவதில் பாதி அந்த மாதிரிப் பொய்தான். ஆனால் முழுவதும் சொன்னேன். புடவையால் அளந்ததை, பாத்திரத்தோடு பேசியதை, மாவுக்கடைச் சிரிப்பை. என்னைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. முடிந்ததும் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, அது தன்னுடையதில்லை என்பது மாதிரி எழுந்துகொண்டார். முகத்தைக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார்.

"கெளம்பு."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட்டம் இல்லை. எதிரெதிரே ஜன்னலோரம் கிடைத்தது. எண்ணூர் தாண்டும்போது அப்பா என்னைப் பார்த்தார்.

"போனா மொதல்ல இன்னா பேசறது?"

"எப்டி கீறன்னு கேளு நைனா."

"நல்லாக்கீறேன்னு சொல்லுவா. அதுக்கப்புறம்?"

வெளியே சாம்பல் மேடும் குழாய்களும் ஓடின. அத்திப்பட்டில் அவர் உதடு அசைந்தது. எதையோ சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நந்தியம்பாக்கத்தில் மறுபடியும் என் பக்கம் குனிந்தார்.

"முதுகு எப்டி கீதுன்னு நான் கேக்கறேன். அப்பால நீ எதுனா காமெடி பண்ணு."

சரி என்றேன். ஒன்றும் தோன்றவில்லை. மீஞ்சூர் வந்துவிட்டது. அப்பா முதலில் இறங்கி, நான் இறங்குகிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.