சட்டைக் காலராகிப்போன கேள்வித்தாள்

தையற்காரி அந்த மாடிக்கு ஏறும்போதே களைத்துப்போயிருந்தாள். ஏறியது பதினெட்டுப் படிதான். களைப்பு நாற்பது வருடத்தது. தொலைப்பது, தேடுவது, மன்னிப்புக் கேட்பது என்றே காலம் போயிருந்தது. இது சோம்பலோ திமிரோ இல்லை, கவனக்குறைபாடு என்னும் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லி, ஒரு மருத்துவர்தான் இந்த ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார்.

முதலில் பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாளை நிரப்பித் தர வேண்டும். முதல் தாளைப் பஸ்ஸில் விட்டாள். இரண்டாவது வீட்டிலேயே எங்கோ மறைந்தது. இன்றும் தராவிட்டால் அவள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது.

"தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால பொழச்ச," என்றார் புருஷன், அவள் கிளம்பும்போது. "இல்லேன்னா அதையும் எங்கயாவது வச்சிட்டு வந்திருப்ப."

கடவுளுக்கும் அலுத்திருக்கும் என்று அவள் இன்று எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

வரவேற்பு மேசைப் பெண் கை நீட்டினாள். "கொண்டு வந்தீங்களாக்கா?"

அவள் எடுத்துக் கொடுத்த மூன்றாவது தாளில் ஒன்பது பக்கம் வெறுமையாக இருந்தது. மீதி மூன்றும் குண்டூசி குத்திய இரண்டு காலராகவும் ஒரு கைப்பட்டியாகவும் வெட்டப்பட்டிருந்தன.

"மறக்கக்கூடாதுன்னு வெட்டுற மேசை மேலயே வச்சேம்மா. அவசரமா ஒரு சட்டைக்கு அளவு வெட்டணும்... கையில கிடைச்ச பேப்பர்."

சிரித்தாலும் திட்டினாலும் தாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பெண் இரண்டையும் செய்யவில்லை. காகிதங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆலோசகர் அம்மாவே வெளியே வந்தார். "உள்ள வாங்க."

"ஒண்ணுமே எழுதலையே மேடம்."

"கால் ஒடிஞ்சவங்களுக்கு மாடியில வைத்தியம் வச்ச கதையா இருக்கு. தப்பு எங்க மேலதான். நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. எழுதுறது என் பாடு."

"அப்ப என் இடம்?"

"உங்களுக்குத்தான். யாருக்கும் போகாது."

அவளுக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. நம்புவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆலோசகர் ஒரு காலரை வெளிச்சத்தில் பிடித்தார். "'நீங்கள் பொருட்களை அடிக்கடி...' மிச்சம் கழுத்து வளைவோட போச்சு."

"அடிக்கடிதான் மேடம். மிச்சம் எதுவா இருந்தாலும் அடிக்கடிதான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"உக்காரணும்னு இல்ல, நடந்துக்கிட்டே சொல்லுங்க."

சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி பதில் சொன்னாள். கண்ணைப் பார்த்துப் பேசு, ஓரிடத்தில் நில் என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் கேள்வியில் கால் வலித்தது. தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.